பதற்றமா, கவனக் குறைபாடா, ரெண்டுமா? மூளை ஸ்கேனுக்கு காசு கட்டுறதுக்கு முன்னாடி மலையகத்து ஆளுங்க செய்ய வேண்டியது

மொதல்லயே சொல்லிடுறேன், பெரியவங்களுக்கு ஏடிஎச்டி, அதாவது கவனக் குறைபாட்டு துறுதுறுப்பு வியாதி, இருக்கா இல்லயான்னு ஒரு எம்ஆர்ஐ எடுத்து கண்டுபுடிக்க முடியாது. சிடி ஸ்கேன்லயும் முடியாது, கலர் கலரா படம் வர்ற ஸ்பெக்ட் ஸ்கேன்லயும் முடியாது, தலையில வயர் ஒட்டி எடுக்குற ஈஈஜிலயும் முடியாது. பதற்றம் சேந்து இருக்குறவங்களுக்கு இன்னும் கஷ்டம். இலங்கை மலையகத்துல ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பக்கமெல்லாம் ஆளுங்கள கிளினிக்குக்கு கூட்டிக்கிட்டு போயி மொழி பேசி குடுக்குறவன் நான், என்கிட்ட வர்றவங்க கேக்குற மொத கேள்வி "எங்க போனா ஸ்கேன் எடுக்கலாம், எவ்வளவு முடியும்" அப்படிங்குறது தான். "யாருகிட்ட போயி பேசணும்"னு கேக்குறவங்க ரொம்ப கொறவு. காது தோடு அடகு வச்சு ஸ்கேன் எடுத்துட்டு வந்து கடைசில ஒண்ணும் தெரியாம நிக்கிற குடும்பங்கள பாத்து பாத்து தான் இத எழுதுறேன், முழுசா வாசிச்சுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

ஏடிஎச்டின்னா சின்ன புள்ளைங்க குதிக்கிறதுன்னு மட்டும் நெனைக்காதீங்க. அமெரிக்க மனநல சங்கம் 2013ல வெளியிட்ட டிஎஸ்எம் 5 கைநூல் படி கவனம் சம்பந்தமா 9 அறிகுறி, துறுதுறுப்பு அவசரம் சம்பந்தமா 9 அறிகுறி இருக்கு. 17 வயசும் அதுக்கு மேலயும் உள்ள ஆளுக்கு அந்த ரெண்டு பட்டியல்ல ஒண்ணுலயாவது 5 இருக்கணும், அதுல பல அறிகுறி 12 வயசுக்கு முன்னாடியே இருந்திருக்கணும், வீடு வேலைத்தளம்னு ரெண்டு எடத்துலயாவது தெரியணும், அதால பொழப்பு உண்மையிலயே அடிபடணும், வேற நோயால தான் இப்படி வருதுன்னு சொல்ல முடியாம இருக்கணும். இதுல எந்த எடத்துலயும் மூளைப்படம் வேணும்னு போடல. டொக்டர் கேட்டு பாத்து தான் முடிவு பண்றாரு, உலகத்துல எந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு போனாலும் இது தான் மொறை.

பதற்றம் எங்க வந்து குறுக்க நிக்குதுன்னா, ரெண்டு வியாதியும் வெளிய இருந்து பாக்க ஒரே மாதிரி இருக்கும். சொன்னத மறக்குறது, புத்தகத்த தொறந்தா ஒரே வரிய திரும்ப திரும்ப வாசிக்கிறது, ராத்திரி தூக்கம் வராம பொரளுறது, உக்காந்த எடத்துல காலை ஆட்டிக்கிட்டே இருக்குறது. ரெண்டும் ஒரே ஆளுகிட்ட சேந்து வர்றதும் சாதாரணம், அமெரிக்காவுல 2006ல வெளிவந்த பெரிய சர்வேல பெரியவங்கள்ல 4.4 வீதம் பேருக்கு ஏடிஎச்டி இருந்துச்சு, அவங்கள்ல 47 வீதம் பேருக்கு அந்த வருசத்துலயே ஏதாவது ஒரு பதற்ற நோயும் இருந்துச்சு. ஆகவே "இது பதற்றம், அது இல்ல"ன்னு ஒண்ண வெட்டி விடுறது எப்பவும் சரியா வராது, பல பேருக்கு ரெண்டும் உண்மை.

சரி, ஸ்கேன்ல ஏன் தெரியாது? ஏடிஎச்டி உள்ளவங்க மூளையில வித்தியாசமே இல்லன்னு இல்ல, இருக்கு. 2007ல வந்த ஆய்வுல, மூளையோட மேல் பட்டை உச்ச தடிப்புக்கு வர்ற வயசு மத்த புள்ளைங்களுக்கு ஏழரை, ஏடிஎச்டி உள்ள புள்ளைங்களுக்கு பத்தரைன்னு காட்டினாங்க, அதாவது வளர்ச்சி பிந்துது. 2017ல எனிக்மா அப்படின்னு ஒரு பன்னாட்டு குழு ஏடிஎச்டி உள்ள 1,713 பேர், இல்லாத 1,529 பேர்னு எல்லாரோட எம்ஆர்ஐயையும் சேத்து அளந்து பாத்துச்சு. மூளைக்கு உள்ள இருக்குற சில பகுதி சராசரியில கொஞ்சம் சின்னதா இருந்துச்சு, அதுவும் புள்ளைங்ககிட்ட தான் நல்லா தெரிஞ்சுது, பெரியவங்கள மட்டும் தனியா எடுத்து பாத்தா அந்த வித்தியாசம் நிக்கவே இல்ல. இதுல முக்கியமான வார்த்தை சராசரி. ரெண்டு டிவிஷன் கொழுந்தையும் மாசக்கணக்கா நிறுத்து பாத்தா மேல் டிவிஷன் கூடை சராசரியில கொஞ்சம் பாரம் கூடன்னு கணக்குல வரலாம், ஆனா ஒரே ஒரு கூடைய கையில குடுத்து இது எந்த டிவிஷன் கூடைன்னு கேட்டா எந்த கணக்கப்பிள்ளையாலயும் சொல்ல ஏலாது. உங்க ஒருத்தரோட ஸ்கேன் அந்த ஒத்தக் கூடை.

இத போட்டி வச்சே சோதிச்சு பாத்துட்டாங்க. 2011ல ஏடிஎச்டி 200 அப்படின்னு ஒரு போட்டி நடந்துச்சு, மூளைப்படத்த குடுத்து கம்ப்யூட்டர வச்சு யாருக்கு ஏடிஎச்டி இருக்குன்னு சொல்லணும். கனடாவுல அல்பர்ட்டா பல்கலைக்கழகத்து குழு படத்த ஒதுக்கி வச்சுட்டு வயசு, ஆணா பொண்ணா, எந்த கை பழக்கம், ஐக்யூ இந்த மாதிரி வெவரத்த மட்டும் வச்சு கணிச்சுது, படத்த வச்சு கணிச்ச எல்லா குழுவையும் விட அவங்களுக்கு தான் கூட சரியா வந்துச்சு, அதுவும் 62.5 வீதம் தான். மூளைப்படம் இல்லாமலேயே கூட சரியா சொல்ல முடிஞ்சுது அப்படிங்குறத கொஞ்சம் நின்னு யோசிச்சு பாருங்க. அதுக்கு பிறகு எத்தனையோ கம்ப்யூட்டர் மொறை வந்துருச்சு, ஆனாலும் 2018ல அமெரிக்க மனநல மருத்துவர்கள் எல்லாத்தையும் சேத்து பாத்து எழுதினப்ப கூட மனநோய கண்டுபுடிக்க மூளைப்படத்த வழக்கமா பாவிக்கிற நெலமை இன்னும் வரலன்னு தான் எழுதினாங்க. 2022ல இன்னொரு பெரிய ஆய்வு, மூளைப்படத்தையும் மனுசன் நடத்தையையும் தொடர்பு படுத்தணும்னா ஆயிரக்கணக்கான ஆளுங்க தேவைன்னு காட்டுச்சு.

பதற்றம் உள்ள ஆளுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கு. எஃப்எம்ஆர்ஐ அப்படின்னு ஒரு வகை, மூளையில எந்த எடத்துக்கு ஒட்சிசன் உள்ள ரத்தம் கூட போகுதுன்னு பாக்குறது, ஆராய்ச்சிக்கு அத தான் கூட பாவிக்கிறாங்க. அந்த மெஷினுக்குள்ள தலைய ஒரு மில்லிமீட்டர் அசைச்சாலும் படம் கெட்டுரும், பொய்யான வித்தியாசம் தெரியும். துறுதுறுப்பு உள்ளவரு அசையாம கெடக்குறது எவ்வளவு கஷ்டம், பதட்டத்துல நெஞ்சு படபடன்னு அடிக்கிறவரு எப்படி மூச்ச சீரா விடுவாரு? பயமே மூளையோட வேலைய மாத்தும், அந்த நேரம் எடுத்த படத்துல தெரியுறது பயமா கவனக் குறைபாடான்னு பிரிச்சு எடுக்க வழி இல்ல.

ஈஈஜி பத்தி தனியா சொல்லணும், ஏன்னா "பிரெயின் மேப்பிங்"னு பேர் வச்சு பேஸ்புக்ல நல்லா விளம்பரம் பண்றாங்க. 2013ல மருந்து, மருத்துவ மெஷினுக்கெல்லாம் அனுமதி குடுக்குற அமெரிக்க எஃப்டிஏ ஒரு ஈஈஜி மெஷினுக்கு அனுமதி குடுத்துச்சு, அது உண்மை, விளம்பரத்துல அத மட்டும் தான் காட்டுவாங்க. அந்த அனுமதி 6 முதல் 17 வயசு புள்ளைங்களுக்கு, டொக்டரோட பரிசோதனைக்கு துணையா மட்டும். பெரியவங்களுக்கு இல்லவே இல்ல. 2016ல அமெரிக்க நரம்பியல் அகாடமி ஈஈஜில அளக்குற தீட்டா, பீட்டாங்குற ரெண்டு மூளை அலையோட விகிதத்த வச்சு ஏடிஎச்டிய முடிவு பண்ண கூடாதுன்னு எழுதுச்சு, இல்லாதவங்களுக்கு இருக்குன்னு சொல்லிடுற ஆபத்து கூடன்னு காரணமும் சொன்னாங்க. ஸ்பெக்ட், பெட் ஸ்கேன் ரெண்டுலயும் உடம்புக்குள்ள கதிர்வீச்சு மருந்து ஏத்துவாங்க, தேவை இல்லாம அத ஏத்திக்காதீங்க. சிவப்பு பச்சையா படம் வர்றதால அது கூட உண்மைன்னு தோணும், அந்த நிறத்த கம்ப்யூட்டர் தான் போடுது.

அப்ப ஸ்கேனே வேணாமா? அப்படி இல்ல. ஸ்கேன் வேற ஒரு கேள்விக்கு பதில் சொல்ல ரொம்ப ஒதவும், மூளையில வேற ஏதாவது நடக்குதாங்குற கேள்விக்கு. இதுல ஏதாவது இருந்தா நீங்களே டொக்டர்கிட்ட எடுத்து சொல்லணும்: வலிப்பு வந்திருக்கு, இல்லாட்டி திடீர்னு சில செக்கன் கண்ணு நெலைகுத்தி அப்புறம் ஒண்ணும் ஞாபகம் இல்ல (இதுக்கு ஈஈஜி உண்மையிலயே தேவை), மரத்துல இருந்தோ பள்ளத்துலயோ விழுந்து தலையில பலமா அடிபட்டது, முன்னாடி இல்லாத மாதிரி புதுசா வந்த தலைவலி அதுவும் காலையில வாந்தியோட, ஒரு பக்க கை கால் பலம் கொறையுறது, பார்வை ரெண்டா தெரியுறது, பேச்சு குழறுறது, ஆளோட கொணமே கொஞ்ச நாளுல மாறிப்போறது. இன்னொண்ணு, சின்ன வயசுல எல்லாம் நல்லா இருந்து நாப்பத்தஞ்சு அம்பது வயசுல புதுசா மறதியும் கவனமின்மையும் வந்தா அது ஏடிஎச்டி கணக்குல சேராது, வேற காரணத்த தேடணும், அந்த தேடல்ல ஸ்கேனும் வரலாம். திடீர்னு கை கால் விழுந்தா, பேச்சு குழறுனா, வலிப்பு நிக்காட்டி கிளினிக் நாள் வர்ற வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்காதீங்க, 1990க்கு அடிச்சு அம்புலன்ஸ கூப்பிடுங்க.

இப்ப உண்மையில செய்ய வேண்டிய வேலைக்கு வருவோம். 12 வயசுக்கு முன்னாடி எப்படி இருந்தீங்கங்குறது தான் இதுல உயிர், அதுக்கான சாட்சிய நீங்க தான் கொண்டு போகணும். பழைய ட்ரங்குப் பெட்டிய தொறந்து பாருங்க. மூணாம் ஆண்டு, அஞ்சாம் ஆண்டு ரிப்போர்ட், கொப்பி, புலமைப்பரிசில் காலத்து பேப்பர், எது கெடச்சாலும் எடுத்து வைங்க. மார்க்க விட டீச்சர் எழுதின குறிப்பு தான் முக்கியம். லயத்துல மழை ஒழுகி எல்லாம் நனஞ்சு போச்சுன்னா ஆளுங்கள தேடுங்க. அம்மா அந்த காலத்துல வெளிநாட்டுக்கு போயிருந்தா அம்மாயிகிட்டயோ அப்பாயிகிட்டயோ கேளுங்க, புள்ளக்காம்பராவுல பாத்துக்கிட்ட ஆயாம்மா உசுரோட இருந்தா அவங்களுக்கு உங்கள பத்தி உங்களுக்கே தெரியாததெல்லாம் தெரியும். கூட படிச்ச கூட்டாளி, அண்ணன் அக்கா யாரா இருந்தாலும் சரி. கேக்குறப்ப "நான் கவனமில்லாம இருந்தேனா"ன்னு கேக்காதீங்க, யாரும் சரியா சொல்ல மாட்டாங்க. "கடைக்கு அனுப்பினா என்ன செஞ்சேன்", "எத்தனை குடை தொலைச்சேன்", "சோறு தின்னுக்கிட்டு இருக்குறப்ப எழும்பி போவேனா", "டீச்சர் எதுக்கு கூப்பிட்டு விட்டாங்க" இப்படி கேளுங்க, கதை தானா வரும்.

பொகவந்தலாவ பக்கத்து தம்பி ஒருத்தன் கொழும்புல ஹார்ட்வெயார் கடையில வேலை பாத்தான், பேர் வேணாம். பில் போடுறதுல பிழை வந்துக்கிட்டே இருக்கும், மொதலாளி சத்தம் போடுவாரு, அதுக்கு பயந்து ஒவ்வொரு பில்லையும் திரும்ப திரும்ப பாப்பான், கடைசில கடைக்கு போகணும்னாலே வயித்த கலக்கி வேலைய விட்டுட்டு வந்துட்டான். யாரோ சொன்னாங்கன்னு கடன் வாங்கி எம்ஆர்ஐ எடுத்தான். ரிப்போர்ட்ல எல்லாம் நார்மல்னு வந்துச்சு. வீட்டுல எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க, அவன் அந்த கவர மடியில வச்சுக்கிட்டு "அப்ப நான் சோம்பேறி தானா அண்ணா"ன்னு கேட்டான். அவனோட அம்மாயி உள்ள போயி பிஸ்கட் டின் ஒண்ண எடுத்துட்டு வந்தாங்க, அதுக்குள்ள நாலாம் ஆண்டு ரிப்போர்ட் மடிச்சு மடிச்சு கிழியுற நெலமையில இருந்துச்சு. சிவப்பு பேனையில டீச்சர் எழுதியிருந்தாங்க, "கெட்டிக்காரன். சொல்வதைக் கேட்கும் முன் எழுதிவிடுகிறான். வகுப்பில் பொருட்களைத் தொலைக்கிறான்." அடுத்த கிளினிக்ல டொக்டர் அந்த ஸ்கேன் கவர ஓரமா வச்சுட்டு இந்த தாள தான் ரொம்ப நேரம் பாத்தாரு, அம்மாயிகிட்டயும் நெறைய கேட்டாரு. கடையில வந்த பயம் கடைக்கு போன பிறகு வந்தது, பொருள் தொலைக்கிறது அதுக்கு பல வருசம் முன்னாடியே இருந்துச்சு, அந்த வரிசை புரிஞ்சதும் தான் வைத்தியம் சரியான பக்கம் திரும்புச்சு.

அந்த வரிசைய நீங்களும் எழுதி பாக்கலாம். ஒரு கொப்பி எடுத்து ரெண்டு வாரத்துக்கு, கவனம் சிதறின நேரத்த மட்டும் குறிச்சு வைங்க, பெருசா கட்டுரை எழுத வேணாம், என்ன வேலை செஞ்சுக்கிட்டு இருந்தேன், அந்த நேரம் மனசுல என்ன ஓடுச்சு, ராத்திரி எத்தனை மணிக்கு தூங்கினேன், இவ்வளவு போதும். மனசுல "தப்பு வந்துட்டா என்ன ஆகும், அம்மாவுக்கு ஏதாவது ஆயிட்டா, கடன்காரன் வந்துட்டா"ன்னு ஒரு கவலை ஓடி அதால கையில இருந்த வேலை நழுவுனா அது பதற்றத்து பக்கம். கவலை ஒண்ணுமே இல்ல, மனசு அமைதியா தான் இருந்துச்சு, ஆனாலும் பேசிக்கிட்டு இருந்தப்பவே எங்கயோ போயிருச்சுன்னா அது மத்த பக்கம். பதற்றம் கொறஞ்ச நாள்ல, தீவாளி லீவுல வீட்டுல நிம்மதியா இருக்குறப்ப கவனம் திரும்ப வருதான்னு பாருங்க. வேலைய தள்ளி போடுறதுலயும் வித்தியாசம் இருக்கு, பிழைச்சு போயிருமோன்னு பயந்து தொடாம விடுறது ஒண்ணு, தொடங்கணும்னு நெனச்சும் தொடங்கவே முடியாம கெடக்குறது இன்னொண்ணு. அடுப்ப அணைச்சேனான்னு மூணு தடவை திரும்பி போயி பாக்குறவங்க கூட ரெண்டு வகை, உண்மையிலயே பல தடவை அணைக்க மறந்து அடி வாங்கினதால பாக்குறவங்க, ஒரு நாளும் மறந்ததே இல்ல ஆனா பயத்துல பாக்குறவங்க. இந்த வேறுபாடு எந்த மெஷின்லயும் வராது, உங்க கொப்பியில தான் வரும்.

பொண்ணுங்க விஷயத்துல கூடுதல் கவனம் வேணும். குதிக்காம மூலையில உக்காந்து ஜன்னல் வழியா மலைய பாத்துக்கிட்டு இருந்த புள்ளைய டீச்சரும் திட்ட மாட்டாங்க, வீட்டுலயும் "அமைதியான புள்ள"ன்னு விட்டுருவாங்க. அந்த புள்ள தான் முப்பது வயசுல வீடு, புள்ளைங்க, வேலைன்னு எல்லாம் சேந்ததும் தாங்க முடியாம பதற்றத்தோட கிளினிக்குக்கு வர்றது, பதற்றத்துக்கு மட்டும் மாத்திரை வாங்கிட்டு போறது. நீங்க அப்படி ஒருத்தர்னா வகுப்புல கனவு காணுற புள்ளையா இருந்தீங்கங்குறத நீங்களா வாய தொறந்து சொல்லுங்க.

கேள்வித்தாள் ரெண்டு இருக்கு, ரெண்டும் காசு இல்லாம கெடைக்கும். ஏஎஸ்ஆர்எஸ் அப்படிங்குறது ஏடிஎச்டிக்கு, உலக சுகாதார நிறுவனத்தோட சேந்து செஞ்சது, 18 கேள்வி, அதுல மொத 6 தான் வடிகட்டி. ஒரு வேலையோட கடைசி சின்ன பகுதிய முடிக்க கஷ்டமா, ஒழுங்கு படுத்த கஷ்டமா, போக வேண்டிய நாள் நேரத்த மறக்குறீங்களா, மண்டைய பாவிக்கிற வேலைய தள்ளி போடுறீங்களா, ரொம்ப நேரம் உக்காந்தா கை கால் ஆடுதா, மோட்டர் பூட்டின மாதிரி ஓடிக்கிட்டே இருக்கீங்களா, இவ்வளவு தான், கடந்த 6 மாசத்த நெனச்சு பதில் போடணும். ஜிஏடி 7 பதற்றத்துக்கு, 7 கேள்வி, கடந்த ரெண்டு வாரம், மொத்தம் 21 மார்க், 10 வந்தாலோ தாண்டினாலோ டொக்டர்கிட்ட பேசணும். ஆனா பதற்றம் மட்டும் இருக்குற ஆளும் ஏஎஸ்ஆர்எஸ்ல கூட மார்க் எடுத்துரலாம், அதால மார்க்க பாத்து நீங்களே முடிவு பண்ணிடாம கொப்பியோட சேத்து கொண்டு போங்க.

ஸ்கேனுக்கு முன்னாடி ரத்தத்த சோதிக்க சொல்லி கேக்குறது நூறு மடங்கு பிரயோசனம். தைராய்டு கூடினா நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் வந்து பதற்றம் மாதிரியே இருக்கும், கொறஞ்சா மந்தமா மறதியா இருக்கும், ஒரு டிஎஸ்எச் டெஸ்ட்ல தெரிஞ்சுரும். நம்ம தோட்டத்து பொம்பளைங்ககிட்ட ரத்தசோகை எவ்வளவு இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், ஈமோகுளோபின் கொறஞ்ச உடம்புல எந்த மனசும் நிக்காது. குறட்டை விட்டு மூச்சு நின்னு நின்னு வர்ற ஆளுக்கு பகல்ல கவனம் இருக்காது. குடி, வெத்தலையோட போயில, நாள் பூரா குடிக்கிற கட்டி சாயத்தண்ணி, இதையும் மறைக்காம சொல்லுங்க. வீட்டுல அடி உதை, சின்ன வயசுல நடந்த கொடுமை இருந்தா அதுவும் கவனத்த இப்படியே கலைக்கும், அத பேச தனியா இருக்க எடம் வேணும்னு டொக்டர்கிட்ட கேக்குறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு.

போற வழி இப்படி. தோட்டத்து டிஸ்பென்சரியில இது முடியாது, ஆனா கடிதம் வாங்கலாம். பக்கத்து ஆதார வைத்தியசாலை, டிக்கோயா மாதிரி, இல்லாட்டி நுவரெலியா, பதுளை பெரிய ஆஸ்பத்திரி, அங்க ஓபிடியில "மனநல கிளினிக்குக்கு போகணும்"னு சொல்லுங்க, வெக்கப்பட்டு தலைவலின்னு சொன்னா பெனடோல் தான் குடுப்பாங்க. பல ஆஸ்பத்திரியில மனநலத்துக்குன்னே ஒரு வைத்திய அதிகாரி இருக்காரு, அவர் பாத்துட்டு உளநல வைத்திய நிபுணர்கிட்ட அனுப்புவாரு, இல்லாட்டி கண்டிக்கோ பேராதனைக்கோ எழுதி குடுப்பாரு. அரசாங்க கிளினிக்ல காசு இல்ல. எந்த கிழமை கிளினிக்னு முன்னாடியே போன் அடிச்சு கேட்டுட்டு போங்க, ஒரு நாள் பேர், அதாவது அன்னிக்கு சம்பளம் போறது சின்ன விஷயம் இல்ல. மொழி தெரியாதுன்னு பயந்து பாதி சொல்லிட்டு வராதீங்க, சிங்களம் தெரிஞ்ச பெரிய ஆள் ஒருத்தர கூட்டிட்டு போங்க, பள்ளிக்கூடம் போற உங்க புள்ளைய மொழி பேச வைக்காதீங்க, அது கேக்க கூடாதது எல்லாம் அங்க பேச வரும். முக்கியமானத அரை பக்கத்துல எழுதி வச்சுக்கங்க, உள்ள போனதும் பதட்டத்துல எல்லாம் மறந்துரும். மனசு ரொம்ப ஒடஞ்சு சாகலாம்னு தோணுனா கிளினிக் நாளுக்காக காத்திருக்காதீங்க, 1926 தேசிய மனநல உதவி இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம்.

டொக்டர் பாத்துட்டு எம்ஆர்ஐ வேணும்னு சொன்னா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எதைத் தேடுறீங்க டொக்டர்?" வலிப்பு, பழைய காயம், கட்டி இப்படி ஏதாவது தெளிவா சொன்னா தாராளமா எடுங்க, அரசாங்கத்துல கொஞ்சம் காத்திருக்க வேண்டி வரும், அவசரம்னா அவங்களே முன்னுக்கு போடுவாங்க. தனியார் எடத்துல யாராவது "ஏடிஎச்டிய உறுதிப்படுத்த"ன்னு சொன்னா காசு கட்டாம வேற டொக்டர் ஒருத்தர்கிட்டயும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

எடுக்குற நாளுக்கு சில விஷயம். எம்ஆர்ஐல கதிர்வீச்சு கெடையாது, ஆனா பெரிய காந்தம், அதால உடம்புல இரும்பு கம்பி, பிளேட், பேஸ்மேக்கர், மூளையில போட்ட கிளிப் இருந்தா, கர்ப்பம்னு சந்தேகம் இருந்தா, கட்டாயம் முன்னாடியே சொல்லணும். சேலையில குத்துற ஊசி, கொண்டை ஊசி, உள்ளாடை கொக்கி, இடுப்புல கட்டின தாயத்து, எல்லாம் கழட்டணும். தாலியையும் கழட்ட சொல்லுவாங்க, பல பொம்பளைங்க அங்க நின்னு அழுதுருக்காங்க, அதால வீட்டுல இருந்தே வெறும் மஞ்சள் கயிறு ஒண்ணு கட்டிக்கிட்டு தாலிய மாமியார்கிட்ட குடுத்துட்டு போங்க, மனசு லேசா இருக்கும். உள்ள பெரும்பாலும் 20 நிமிசத்துல இருந்து 40 நிமிசம் வரைக்கும் போகும், டக் டக்குனு பயங்கர சத்தம் வரும், காதுக்கு அடைப்பான் குடுப்பாங்க, கையில அமுக்குற பந்து ஒண்ணு குடுப்பாங்க, பயந்தா அமுக்கலாம், நிறுத்துவாங்க. கண்ண உள்ள போறதுக்கு முன்னாடியே மூடிக்கங்க, ஒரு துணி மேல போட்டுக்க கேளுங்க, மூச்ச வெளிய விடுறத உள்ள இழுக்குறத விட மெதுவா விடுங்க. மூடின எடம் கண்டா மூச்சு முட்டுற ஆளுன்னா டொக்டர்கிட்ட முன்னாடியே சொன்னா லேசா தூங்க மாத்திரை தருவாரு, அப்படி போட்டா தனியா பஸ் ஏறி வராதீங்க, இந்த வளைவு ரோட்டுல தூக்கக் கலக்கத்தோட இறங்குற எடம் தவறிப் போயிரும்.

ரிப்போர்ட் கையில வந்ததும் கூகுள்ல போட்டு பாக்குற ஆசைய அடக்குங்க, பதற்றம் உள்ளவங்களுக்கு இது தான் பெரிய பொறி. சைனஸ் சவ்வு தடிப்பு, வெள்ளைப் பகுதியில சின்ன புள்ளிகள், சின்ன நீர்க்கட்டி, இந்த மாதிரி வார்த்தை ஒண்ணு ரெண்டு நல்ல ஆரோக்கியமான ஆளுங்க ரிப்போர்ட்லயும் வரும், பெரும்பாலும் அதால ஒண்ணும் இல்ல, அத பாத்துட்டு ராத்திரி பூரா முழிச்சு கெடக்க வேணாம், எழுதி குடுத்த டொக்டரே வாசிச்சு சொல்லட்டும். நார்மல்னு வந்தா தேடின கட்டி காயம் இல்லங்குறது தான் அர்த்தம், உங்க கஷ்டம் பொய்யின்னு அதுக்கு அர்த்தம் கெடையாது, வீட்டுல உள்ளவங்களுக்கும் இத வாய்விட்டு சொல்லுங்க.

கடைசில ரெண்டும் இருக்குன்னு டொக்டர் சொன்னா, எது கூட கஷ்டம் குடுக்குதோ அத மொதல்ல வைத்தியம் பண்ணுவாங்க. மருந்து மட்டும் இல்ல, சிபிடி அப்படிங்குற பேச்சு வைத்தியம் ரெண்டுக்கும் ஒதவும், எழுதி ஒட்டி வைக்கிறது, போன்ல அலாரம், ஒரு வேலைய சின்ன சின்னதா பிரிக்கிறது இந்த மாதிரி மாத்தமும் உண்டு. ஏடிஎச்டிக்கு குடுக்குற மெதில்பெனிடேட் மாதிரி தூண்டுற மருந்து தொடங்குறதுக்கு முன்னாடி பிரஷர், நாடி, நெறை பாப்பாங்க, இதய நோய் குடும்பத்துல இருந்தா சொல்லணும். அந்த மருந்துல சில பேருக்கு படபடப்பு கூடும், எல்லாருக்கும் இல்ல, கூடினா நீங்களா நிறுத்தாம போயி சொல்லுங்க. யாரோட மாத்திரையையும் வாங்கி போட்டு பாக்காதீங்க. இப்ப குடிக்கிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில போட்டு கொண்டு போங்க, நாட்டு மருந்து உட்பட, ஏன்னா பதற்றத்துக்கு குடுக்குற ஃப்ளூஒக்செடின் குடிக்கிற ஆளுக்கு அடமொக்செடின்னு இன்னொரு ஏடிஎச்டி மருந்த குடுத்தா அந்த அடமொக்செடின் ரத்தத்துல ரொம்ப கூடிரும், டோஸ அதுக்கு ஏத்த மாதிரி டொக்டர் கொறைக்கணும். கிளினிக் கொப்பி, பழைய ரிப்போர்ட், அந்த ரெண்டு வார கொப்பி, மாத்திரை பை, எல்லாத்தையும் ஒரே சிலிசிலி பேக்ல போட்டு மொதல் நாள் ராத்திரியே கதவுக்கு பக்கத்துல தொங்க விடுங்க, காலையில அஞ்சரை பஸ்ஸுக்கு ஓடுற அவசரத்துல தேட நேரம் இருக்காது.